கராஜ் கதை போதும்

புலம்பெயர்ந்த நம்மவர் நடத்தும் பரிசளிப்பு விழாக்களில் பிரதம விருந்தினர் தவறாமல் ஒரு கதை சொல்வார். கலிபோர்னியாவில் இரண்டு இளைஞர்கள், ஒரு கராஜ், கையில் காசில்லை, மனம் நிறையக் கனவு. வீட்டுக் கணினி அப்படித்தான் பிறந்தது, பிள்ளைகளே, நீங்களும் முயலுங்கள் என்று முடிப்பார். நாமும் கைதட்டுவோம். இந்தக் கதையை இனி நம் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாது என்பது என் கட்சி. அதில் உள்ள பொய்யைவிட, அது யாரை வெளியே நிறுத்துகிறது என்பதே எனக்குப் பெரிது.

முதலில் கராஜ். ஆப்பிளின் முதல் கணினியை வடிவமைத்த ஸ்டீவ் வாஸ்னியாக்கே அது ஓரளவு கட்டுக்கதைதான், அங்கே எதையும் வடிவமைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். 1976-இல் அவர் ஹியூலெட்-பக்கார்டில் சம்பளத்துக்கு வேலை பார்த்த பொறியாளர்.

அடுத்தது காசு. அன்றைய வீட்டுக் கணினிகள் பேசிய பேசிக் மொழி 1964-இல் டார்ட்மத் கல்லூரியில் பிறந்தது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை அதற்குப் பணம் கொடுத்தது. 1975-இல் பில் கேட்ஸும் பால் அலனும் அல்டேர் கணினிக்காக அதை எழுதியது ஹார்வர்டின் கணினியில். சில்லுகள் ஆனைவிலை விற்ற 1960களில் அவற்றை வாங்கி அந்தத் தொழிலை வளர்த்தவை அப்போலோ திட்டமும் ஏவுகணைத் திட்டங்களும். பிரிட்டனில் பிபிசி மைக்ரோ வகுப்பறைகளுக்குள் நுழைந்தபோது பாதி விலையை அரசு ஏற்றது. பொதுப்பணம் இல்லாமல் இந்த வரலாறே இல்லை.

மூன்றாவது கைகள். நம் மேடைகளில் யாரும் பேசாத பகுதி இது.

சில்லு செய்வதில் ஆள்பலம் அதிகம் கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. நகக்கண் அளவுள்ள சிலிக்கன் துண்டை உறைக்குள் பொருத்தி, தலைமுடியைவிட மெல்லிய கம்பியால் அதன் முனைகளை வெளிக்கால்களோடு இணைக்க வேண்டும். நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்தபடி, மணிக்கணக்காக, ஒரு கம்பிக்குப் பின் இன்னொரு கம்பி. அமெரிக்க நிறுவனங்கள் இந்த வேலையை 1960களிலேயே ஹாங்காங்குக்குக் கொண்டுபோயின. 1972-இல் இன்டெல் பினாங்கின் பாயான் லெப்பாஸுக்கு வந்தது. வேறு நிறுவனங்களும் வந்தன. ஆப்பிளும் 1981-இல் சிங்கப்பூரில் ஆலை திறந்து ஆப்பிள் 2-க்கான மின்சுற்றுப் பலகைகளைச் செய்தது. நிறுவனம் தொடங்கி ஐந்தே ஆண்டு. 1977-இல் டிஆர்எஸ்-80 திரையோடு சேர்த்து 599 டாலருக்குக் கடைக்கு வந்தது. கணினி சாதாரண வீட்டுக்குள் நுழையும் அளவுக்கு விலை இறங்கியதில் பொறியாளரின் மூளைக்குப் பங்கு உண்டு. ஆசியப் பெண்ணின் குறைந்த கூலிக்கும் உண்டு.

பினாங்கு ஆலைகளில் மலாய்ப் பெண்களே அதிகம். பக்கத்து இருக்கைகளில் சீனப் பெண்களும் தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள். என் பெரியம்மா அவர்களில் ஒருவர். முப்பது வயதுக்குள் கண்ணாடி போட்டவர். தன் கைபட்ட சில்லு எந்த ஊரில், எந்த வீட்டில், எந்தப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது என்று அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

ஆலை வந்ததால்தானே தோட்டத்தில் பால்மரம் வெட்டாமல் அந்தப் பெண்கள் தப்பினார்கள் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சொந்தச் சம்பளம், சொந்தச் சேமிப்பு, கல்யாணத்தைத் தள்ளிப்போடும் துணிவு எல்லாம் வந்தது உண்மை. ஆனால் மின்னணுத் தொழிலாளர்கள் நாடு தழுவிய சங்கம் வைக்க மலேசிய அரசு இடம் கொடுக்கவில்லை என்பதும் உண்மை. 1988-இல் கிடைத்தது, அந்தந்த நிறுவனத்துக்குள் அடங்கும் சங்கத்துக்கான அனுமதி மட்டுமே. வேலை கொடுத்தோம் என்று சொல்லிவிட்டால் வரலாற்றில் இடம் கொடுக்க வேண்டியதில்லையா?

நம் இதழ்களையும் நான் விட்டுவைக்கப் போவதில்லை. பெரிய நிறுவனத்தின் தலைமை நாற்காலியில் ஒரு தமிழர் அமர்ந்தால் அட்டைப்படம் போடுகிறோம். அவர் படித்த பள்ளிவரை தேடிப் போகிறோம். அந்தத் தொழிலின் அடித்தளத்தில் உட்கார்ந்திருந்த தமிழ்ப் பெண்ணின் பேட்டி ஒன்றைக்கூட நான் இவற்றில் படித்ததில்லை. கணினித் துறையில் நமக்கு வேர் இல்லை, நாம் பிற்பாடு விசா எடுத்து வந்தவர்கள் என்று பிள்ளைகள் நினைப்பதற்கு நாம்தான் காரணம்.

அந்தப் பெண்களுக்கு இப்போது எழுபதை ஒட்டிய வயது. கோலாலம்பூரில், மெல்பர்னில், லண்டனில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். பிள்ளைகள் கையில் ஒலிப்பதிவு செய்யக்கூடிய கைபேசி இருக்கிறது. அடுத்த பரிசளிப்பு விழாவுக்குப் பிரதம விருந்தினரைத் தேடும் அமைப்பாளர்களே, அவர்களில் ஒருவரை அழையுங்கள். நுண்ணோக்கி முன்னால் ஒரு நாள் எப்படிப் போனது என்று மேடையில் கேளுங்கள்.