சீலிங்கை மூடறதுக்கு முன்னாடி...

புது மாடிக்குக் குடி போன மூணாவது வாரமே என் கீபோர்டுல சொட்டு விழ ஆரம்பிச்சுது. வெளியே மழை இல்லை, மேலே பாத்ரூமும் இல்லை. தலைக்கு மேல ஃபால்ஸ் சீலிங்ல ஒரு பழுப்பு வட்டம், அவ்வளவுதான். 'ஏசி ஒழுகுது'ன்னு ஒரு டிக்கெட் போட்டுட்டு, கீழ ஒரு வாளியை வெச்சுட்டு எல்லாரும் வேலையைப் பார்த்தோம்.

பைப் வேலை பார்த்த ஃபிட்டரையே வரவழைச்சாங்க. நாற்பத்தஞ்சு வயசு இருக்கும். ஏணி போட்டு ஏறி, டைலைத் தூக்கிப் பார்த்துட்டு இறங்கினார்.

"பைப் ஒழுகல சார். காத்துல இருக்கற தண்ணிதான்."

"அதெப்படிண்ணே?"

"ஐஸ் தண்ணி டம்ளர் வெளியில வேர்க்குதுல்ல, அதே கதைதான்."

படிச்சது இன்ஜினியரிங்தான், ஆனா இது எனக்கு உறைக்கவே இல்லை பாருங்க! எங்க ஆபீஸ் மாதிரி பெரிய கட்டடங்கள்ல சில்லர்ல இருந்து சுமார் 7 டிகிரியில தண்ணி கிளம்பி, ஒவ்வொரு ஃபேன் காயில் யூனிட்டுக்குள்ளயும் போய், ரூம் சூட்டை வாங்கிட்டு 12, 13 டிகிரியில திரும்பும். சென்னையில 32 டிகிரி வெயில், 70 சதவீதம் ஈரப்பதம்னு வெச்சுக்கங்க. அந்தக் காத்து சுமார் 26 டிகிரிக்குக் கீழ இருக்கற எதைத் தொட்டாலும் தண்ணியா மாறிடும். 7 டிகிரி பைப்புல விரல் அகலம் இன்சுலேஷன் விட்டுப் போனாலும் போதும், சொட்டிக்கிட்டே இருக்கும். எங்க தலைக்கு மேல விட்டுப் போனது கிளாம்ப் போட்ட இடம். அங்க கட்டைத் துண்டு வெச்சு, அதுக்கு மேல இன்சுலேஷன் இடைவெளி இல்லாம ஓடணும். இவங்க இரும்பு கிளாம்பை நேரா பைப்புலயே மாட்டியிருந்தாங்க.

"ஏண்ணே இப்படி விட்டீங்க?"

"இன்னும் ரெண்டு நாள் கேட்டோம் சார். ஞாயித்துக்கிழமை சீலிங் மூடியே ஆகணும்னுட்டாங்க. திங்கக்கிழமை திறப்பு விழாவாமே."

அந்தத் திங்கக்கிழமை தேதியை வெச்சதுல என் டீமும் உண்டு. கிளையன்ட் வர்றாங்க, சீட் ரெடியா இருக்கணும்னு அட்மினுக்கு அனுப்பின மெயில்ல நானும் இருந்தேன். ரிலீஸ் தேதிக்காக டெஸ்டிங்கைக் குறைச்சா நாங்க எவ்வளவு கத்துவோம்! இன்னொருத்தர் டெஸ்டிங்கை நாங்களே முழுங்கியிருக்கோம்.

நான் சொல்ல வர்றது இதுதான் மக்களே. இந்த வேலைக்கு ஒரு வரிசை இருக்கு. முதல்ல பைப்பை இணைச்சு, வேலை அழுத்தத்தை விட ஒன்றரை மடங்கு அழுத்தத்துல தண்ணி ஏத்தி, மணிக்கணக்கா நிறுத்தி வெச்சு கசிவு பார்க்கணும். அப்புறம் வெல்டிங் பிசிறு, துரு எல்லாம் போற வரைக்கும் கழுவணும். கழுவற தண்ணி காயிலுக்குள்ள போகாம பைபாஸ்ல சுத்தணும், இல்லன்னா குப்பை முழுக்க வால்வுலயும் காயில்லயும்தான் உட்காரும். உயரமான இடத்துல காத்தை வெளியேத்தணும். அதுக்கப்புறம்தான் இன்சுலேஷன். தட்டுல விழற தண்ணியை வெளியேத்தற டிரெயின் பைப்புக்கு மீட்டருக்கு 1 சென்டிமீட்டராவது சரிவு வேணும். கடைசியில பேலன்சிங். இதெல்லாம் முடிஞ்சாத்தான் சீலிங்.

நம்ம ஊர்ல முதல்ல காணாமப் போறது அந்த பேலன்சிங்தான். காவிரித் தண்ணி கடைமடைக்கு வராத கதை எல்லாருக்கும் தெரியும். இங்கயும் அதேதான். பம்புக்குப் பக்கத்துல இருக்கற யூனிட் தேவைக்கு மேல குடிச்சிடும், மூலையில இருக்கற யூனிட் காயும். 1 டன் குளிர்ச்சிக்கு நிமிஷத்துக்கு சுமார் 9 லிட்டர் வேணும். அது கடைசி யூனிட்டுக்கும் கிடைக்கற மாதிரி ஒவ்வொரு வால்வையும் அளந்து வைக்கறதுதான் பேலன்சிங். கண்மாய்ல மடை திறந்து விடற நீர்ப்பாய்ச்சி செய்யற வேலைதான். அந்த ஆளே வேண்டாம்னுட்டு, மூலையில உட்கார்ந்திருக்கறவன் தெர்மோஸ்டாட்டை 18-க்கு இறக்கி என்ன பிரயோஜனம்? வால்வு ஏற்கனவே முழுசா திறந்துதான் இருக்கு. வர்றதுக்குத் தண்ணிதான் இல்லை.

குளிர் நாடுகள்ல இதே பைப்புல குளிர்காலத்துல வெந்நீர் ஓடும். ரெண்டு பைப் மட்டும் இருந்தா மொத்தக் கட்டடத்துக்கும் ஒண்ணு சூடு, இல்லன்னா குளிர். வெயில் படற பக்கத்துக்கு குளிர்ச்சி, நிழல் பக்கத்துக்கு சூடுன்னு ஒரே நேரத்துல வேணும்னா நாலு பைப் போடணும். செலவு ஜாஸ்தி. ஆனா அதை முதல்லயே உட்கார்ந்து முடிவு பண்ணியாகணும். சீலிங் மூடினப்புறம் பைப் முளைக்காது :-)

"ஃபிட்டருங்க ஒழுங்கா வேலை பார்க்கறதில்லை"ன்னு சிலர் சொல்லலாம். சோம்பேறி ஃபிட்டரும் இருப்பார், மறுக்கலை. ஆனா சோம்பேறித்தனத்தைக் கண்டுபிடிக்கவும் அதே ரெண்டு நாள்தானே வேணும்? திறந்திருக்கறப்போ ஏறிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். மூடச் சொன்னது நாம, பழி மட்டும் அவருக்கா?

ஏணியை மடிக்கறப்போதான் மெதுவா சொன்னார். சொட்டு விழுதுன்னு காரணம் சொல்லி கான்ட்ராக்டருக்குக் கடைசி பில்லை நிறுத்திட்டாங்களாம். அவர் இவங்க நாலு பேர் கூலியை நிறுத்திட்டார். எனக்கு ஒரு கீபோர்டு போச்சு, ஸ்டோர்ல புதுசு கொடுத்துட்டாங்க. அவங்களுக்குப் போனது ஒரு மாசச் சம்பளம்.

அன்னிக்கே அட்மினுக்கு மெயில் போட்டேன். கிளாம்ப் போட்டோவும், சீட் கேட்டு நாங்க அனுப்பின பழைய மெயிலும் சேர்த்து. 'பார்க்கறோம்'னு பதில் வந்திருக்கு. விடறதா இல்லை, வாராவாரம் கேட்கப் போறேன்.

உங்க ஆபீஸ் புது இடத்துக்கு மாறுதுன்னா தேதி வைக்கறதுக்கு முன்னாடி, "பிரஷர் டெஸ்ட் ஆச்சா, பேலன்சிங் ஆச்சா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. இல்லைன்னு பதில் வந்தா ரிப்பன் ரெண்டு நாள் காத்திருக்கட்டும், ஒண்ணும் கெட்டுடாது.

டிஸ்கி: வாளி இன்னும் அங்கயேதான் இருக்கு.