வீடு மாற்றும் வேளையில்...



ஆண்டுத் தேர்வுகள் முடியும் காலமே நம் குடும்பங்கள் பல வீடு மாறும் காலமுமாகும். இருபது ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பீரோ, கட்டில், பாத்திர பண்டங்கள் அனைத்தையும் முன்பின் அறியாத நான்கு பேரிடம் ஒப்படைக்கிறோம். அந்த நால்வரை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறோம்?

பெரும்பாலோர் குறைந்த வாடகை சொன்னவரை அழைக்கின்றனர். மற்றவர்களோ, லாரியின் முகப்பில் 786 எழுதியிருக்கக் கண்டு, "நம்மவர்தானே" என்று நம்பிவிடுகின்றனர்.

ஹிஜ்ரத்தின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்தியது யாரை? அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்பவரை. அவர் அப்போது முஸ்லிம் அல்லர். குறைஷிகளின் மதத்தில் இருந்தவர். ஆயினும் பாதைகளை நன்கறிந்தவர், நம்பிக்கைக்குரியவர். தங்கள் இரு ஒட்டகங்களையும் அவரிடமே ஒப்படைத்து, மூன்று இரவுகள் கழித்துத் தவ்ர் குகைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். சொன்ன நேரத்தில் அவர் வந்து சேர்ந்தார். தொழிலறிவும் நாணயமுமே அங்கே பார்க்கப்பட்டன.

நாணயத்தை நாம் எதைக்கொண்டு அறிவது? எழுதித்தரச் சம்மதிக்கிறாரா என்பதைக்கொண்டுதான்.

சென்னையிலிருந்து மேலப்பாளையத்திற்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தை நான் அறிவேன். தொலைபேசியிலேயே 18,000 ரூபாய் என்று பேசி முடித்தனர். வீட்டுக்கு வந்து சாமான்களைப் பார்த்தவர் எவருமில்லை; எழுத்து என்று எதுவுமில்லை. ஊர் வந்து சேர்ந்ததும், "சாமான் அதிகம், 31,000 தந்தால்தான் இறக்குவோம்" என்று லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டனர். மகளின் வளையலை அடகு வைத்த பிறகே பெட்டிகள் வீட்டுக்குள் வந்தன. பொருள் லாரியில் ஏறிய பின் பேரம் பேசும் பலம் நம்மிடம் இருப்பதில்லை.

எனவே, நேரில் வந்து பார்வையிடாமல் தொகை சொல்பவரைத் தவிர்த்துவிடுங்கள். ஏற்றுகூலி, இறக்குகூலி, மாடிப்படிக்கான கூலி, சுங்கச்சாவடிக் கட்டணம், வரி ஆகிய அனைத்தும் அடங்கிய தொகையை நிறுவனத்தின் தாளில் கையொப்பத்துடன் பெறுங்கள். சாமான்களின் பட்டியலும் அவற்றின் மதிப்பும் அதில் இருக்கட்டும். அலுவலகம் உண்மையில் இயங்குகிறதா என்று ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பெயர்பெற்ற நிறுவனங்களின் பெயரைச் சற்றே மாற்றி வைத்துக்கொண்டு திரியும் தரகர்கள் இன்று ஏராளம்.

"எழுதித் தாருங்கள் என்றால் சந்தேகப்படுவதாக எண்ணுவாரே" என்று தயங்குவோர் உண்டு. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் கட்டளையிடுகிறது. எழுதுவது சந்தேகமாகுமா?

நாட்டின் சட்டமும் இதற்குத் துணைநிற்கிறது. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007-இன்படி சரக்கு ஏற்றிச் செல்லும் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சரக்கு ரசீதும் தர வேண்டும். பொருள் சேதமானால் அதன் பொறுப்பு பொதுவாக வாடகையின் 10 மடங்கு வரைதான். அதுவும் நீங்கள் எழுதிக்கொடுத்த மதிப்புக்கு மேற்படாது. ஆகவே மதிப்பைக் குறைத்து எழுதாதீர்கள். கூட்டி எழுதுவதோ பொய்யாகும். 'இன்சூரன்ஸ்' என்று பில்லில் ஒரு தொகை சேர்த்தால், காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசியைக் காட்டச் சொல்லுங்கள். அது இல்லையேல் அத்தொகை வெறும் எண்தான். (காப்பீடு பற்றிய மார்க்கத் தீர்ப்பை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளவும்.)

நகை, பணம், வீட்டுப் பத்திரங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், குர்ஆன் பிரதிகள் ஆகியவை உங்கள் கைப்பையிலேயே வரட்டும். கேஸ் சிலிண்டரை ஏற்றாதீர்கள். ஏஜென்சியில் ஒப்படைத்து, மாற்றல் சீட்டு பெற்றுக்கொள்ளுங்கள். சுமை தூக்குவோருக்கு நிறுவனம் கூலி தருகிறதென்று அவர்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காத வீடுகளையும் கண்டிருக்கிறேன். அவர்களும் நம் வீட்டுக்கு வந்தவர்கள்தாம்.

இறக்கும்போது பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். உடைந்திருந்தால் அதை ரசீதிலேயே குறித்துவிட்டுப் பிறகு கையொப்பமிடுங்கள். இழப்பீடு கோரி வழக்காட வேண்டிவந்தால், சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துமூல அறிவிப்பு நிறுவனத்தைச் சென்றடைந்திருக்க வேண்டும். விரைவு அஞ்சலில் அனுப்பி, நகலையும் அஞ்சல் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவதற்கும் அவை தேவைப்படும்.