ஆர்டர் நின்றால் பட்டறை மூடும்

மளிகை வியாபாரிக்கும் போர் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பக்கத்து அரக்கோணத்தில் 1992-இல் கடற்படை விமானத் தளம் வந்தது முதல் விமானச் சத்தம் நமக்குப் பழக்கம்தான். ஆனால் நாம் சொல்ல வந்தது கொள்முதல் சமாச்சாரம்.

நம் நாட்டின் இலகுரகப் போர் விமானம் தேஜஸ். செய்வது பெங்களூர் எச்.ஏ.எல். நிறுவனம். என்ஜின் மட்டும் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியுடையது. அவர்கள் 2016-க்குள் 65 என்ஜின்களை அனுப்பி முடித்தார்கள். மேற்கொண்டு ஆர்டர் இல்லை; அந்த என்ஜின் செய்யும் பிரிவை மூடிவிட்டார்கள். 2021-இல் 83 விமானங்களுக்கு ஒப்பந்தமாகி, எச்.ஏ.எல். 99 என்ஜின்கள் கேட்டது. ஐந்து வருடம் தூங்கிய பட்டறையை எழுப்பி, பாகங்கள் கொடுத்த கம்பெனிகளை எல்லாம் மறுபடி கூட்ட வேண்டியிருந்தது. முதல் என்ஜின் வந்தது 2025 மார்ச்சில். அந்த செப்டம்பரில் கடைசி மிக்-21 விமானங்கள் ஓய்வு பெற்றன. அன்றுவரை புதிய தேஜஸ் மார்க்-1ஏ ஒன்றுகூடப் படையில் சேரவில்லை.

அமெரிக்கக்காரன் இழுத்தடித்தான் என்கிறார்கள். இருக்கலாம். பாதித் தவறு வாங்கியவர் பக்கம் என்பது நமது கருத்து.

நாமும் இதே தவறைச் செய்தவர்கள்தான். ஆந்திரப் பக்கத்து மண்டி ஒன்றில் வருடக்கணக்காக மிளகாய் வற்றல் எடுத்து வந்தோம். விலை ஐம்பது காசு குறைகிறது என்று இரண்டு வருடம் வேறிடம் போனோம். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்குச் சரக்குப் போதாமல் பழைய மண்டிக்கே போன் போட்டோம். “வாடிக்கைக்காரருக்கே பத்தவில்லை, ஐயா” என்றார்கள். அவர்கள் மேல் கோபப்பட நமக்கு ஏது நியாயம்?

நமக்காவது நாலு மண்டி உண்டு. தேஜஸுக்கு இல்லை. 1989-இல் தொடங்கிய நம் சொந்தக் காவேரி என்ஜின் தேஜஸுக்குத் தேவையான உந்துவிசையை எட்டவில்லை. 2025 நவம்பரில் மேலும் 113 என்ஜின்களுக்கு ஒப்பந்தமாகியிருக்கிறது; 2027 முதல் 2032 வரை வரவேண்டும். இம்முறை தொடர்ச்சி விடாமல் ஆர்டர் போட்டது நல்ல காரியம்.

இதே புத்தி உள்ளூரிலும் வேண்டும். கோவை, ஓசூர், சேலம், திருச்சி, சென்னையை இணைத்து 2019-இல் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கினார்கள். விமானத்துக்குப் போகும் சின்ன போல்ட்டுக்குக்கூடத் தரச் சான்றிதழ் வேண்டும். கடன் வாங்கி மிஷின் போட்டு, சான்றிதழும் பெற்ற சிறு பட்டறைக்காரருக்கு ஒரு தடவை ஆர்டர் கொடுத்து மறந்தால், வட்டி கட்ட முடியாமல் அவரும் பூட்டுவார். பிறகு எத்தனை கோடி கொடுத்தாலும் அவசரத்துக்குப் பாகம் வராது. வருடாவருடம் கொஞ்சமாவது ஆர்டர் கொடுங்கள், பில்லுக்குப் பணத்தைக் காலத்தில் கொடுங்கள் என்று அரசை நம் சங்கங்களும் கேட்க வேண்டும்.

நாமும் வீட்டிலிருந்தே தொடங்குவோம். சின்னச் சரக்கானாலும் கொடுத்தவரை விட்டுவிடாதீர்கள். இன்னொரு கொள்முதல் இடத்தையும் கைவசம் வையுங்கள். தேவை வந்த அன்று தேடினால் கிடைப்பது சரக்கல்ல, சாக்குதான்.