வளைவுகளை எண்ணுகிறவர்கள்

இலக்கிய நண்பர்கள் சிலர் அண்மைக்காலமாக மோட்டார் சைக்கிளில் மலையேறி இறங்கிப் பயணக்கட்டுரை எழுதிவருகிறார்கள். சென்ற மாதம் என் பார்வைக்கு வந்தது போடிமெட்டைப் பற்றியது. எழுதியவர் தேர்ந்த வாசகர், மொழி கைவந்தவர். ஆனால் கட்டுரையில் இருந்தவை இவ்வளவே: 17 கொண்டை ஊசி வளைவுகள், அவற்றைக் கடக்க ஆன நேரம், வண்டியின் இழுவைத் திறன், மேகம், உச்சியில் ஒரு தேநீர். 'கணவாய்' என்ற சொல் கட்டுரை நெடுகக் கிடக்கிறது. 'மெட்டு' என்பது ஊர்ப்பெயரின் வாலாக மட்டும் வருகிறது. ரசனை வேறுபாடு என்று இதை விட்டுவிடலாம்தான். நான் விடுவதாக இல்லை.

கணவாய் அகராதிச் சொல். தேனி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் வாழ்கிறவர்களுக்கு அது மெட்டு. போடிமெட்டு, கம்பம்மெட்டு, ராமக்கல்மெட்டு என்று அந்த வரிசை நீள்கிறது. இந்தப் பக்கத்துக்காரன் அந்தப் பக்கம் இறங்குவதற்காக ஏறும் இடம் அது. நின்று பார்ப்பதற்காக உண்டான இடமன்று. ஏலம் விளைவது இடுக்கி மலையில். ஏலத்தில் விலை போவது போடியிலும் புத்தடியிலும். அந்தத் தோட்டங்களில் காய் எடுக்கும் கைகளில் பல கீழே போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் விடியுமுன் சோறு கட்டிக்கொண்டு ஜீப்புக்குக் காத்திருப்பவை. போடிமெட்டுச் சாலையில் காலை ஆறு மணிக்கு ஏறிய ஒருவர், தம்மை முந்திச்சென்ற அந்த ஜீப்புகளைக் கட்டுரையில் ஒரு வரியில்கூடக் காணவில்லை என்றால், அவர் எதைத்தான் பார்த்தார்?

டாப் ஸ்டேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். பயணக்கட்டுரைகளில் அது 'சொர்க்கத்தின் வாசல்'. உண்மையில் அந்தப் பெயரே ஒரு சரக்குப் போக்குவரத்தின் மிச்சம். மூணாற்றுத் தேயிலையைக் கீழே கொண்டுவர 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908-இல் அது சிறு ரயிலாயிற்று. பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியேறிப் போடிக்குப் போயின. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் ரயிலை அடித்துச் சென்றது; அதற்குப் பிறகு அது திரும்பப் போடப்படவில்லை. குரங்கணியிலிருந்து ஏறுகையில் நடுவே வரும் சிற்றூரின் பெயர் சென்ட்ரல். மலைநடுவே இப்படியொரு பெயர் எப்படி வந்தது என்ற கேள்வி, மூணாறு வழியாகத் தார்ச்சாலையில் டாப் ஸ்டேஷனுக்கு வருகிறவருக்கு எழவே எழாது. அவர் அந்த ஊரின் வழியாக வரவில்லை. நான் மாணவனாக இருந்தபோது குரங்கணியிலிருந்து நடந்து ஏறினேன். மூச்சு வாங்கி உட்கார்ந்த இடத்தில், எதிரே மூட்டை சுமந்து இறங்கிவந்த பெரியவர் ஒருவர்தான் அந்தப் பெயரின் கதையைச் சொன்னார். மூச்சு வாங்கியிராவிட்டால் உட்கார்ந்திருக்க மாட்டேன். உட்கார்ந்திராவிட்டால் கதையும் இல்லை.

தமிழில் மலைவழி எழுத்துக்கு முன்னோடி இல்லாமலில்லை. மலைபடுகடாம் 583 அடிகள். நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிர்ப்படும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்வதாகப் பெருங்கௌசிகனார் பாடியது. பாடம் நடத்தும்போது அருவி ஓசையையும் உவமைகளையும் சிலாகித்துவிட்டு மணி அடித்ததும் எழுந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் பல ஆண்டுகள் நடத்தினேன். ஆனால் அந்நூலின் பெரும்பகுதி எச்சரிக்கை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், வழுக்கும் இடத்தில் எதைப் பிடித்து நடக்க வேண்டும், புனம் காப்போர் விடும் கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்க வேண்டும், எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்பவையெல்லாம் அதில் உண்டு. தனக்குப் பின்னால் வருகிறவனின் காலை நினைத்துப் பாடியிருக்கிறார் புலவர்.

இன்றைய கட்டுரைகளில் பின்னால் வருகிறவன் இல்லை. எந்த மாதம் போனார் என்பதுகூட இருப்பதில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்தும் வந்தவர்கள்; பலரும் இளையவர்கள். மார்ச் மாதத்தில் அந்தச் சரிவுகளின் புல் எப்படிக் காய்ந்து நிற்கும் என்பது கீழே உள்ள எந்த ஆட்டுக்காரருக்கும் தெரியும். அந்த மலையின் அழகை நம்மவர்கள் எத்தனையோ முறை எழுதியிருக்கிறார்கள். அவற்றில் நான் படித்த எதிலும் காய்ந்த புல் இல்லை. இறந்தவர்கள் அவற்றைப் படித்துவிட்டுத்தான் போனார்கள் என்று நான் சொல்லவில்லை. எழுதியவர்கள் என்ற முறையில் நமக்கு உறுத்தவே இல்லையே என்பதுதான் என் கேள்வி. உறுத்துவதற்குப் பதிலாக, 'நகரத்தார்க்கு மலையில் என்ன வேலை' என்று உபதேசம் வந்தது. அந்த உபதேசம் நடப்பவரைக் குறிவைத்ததே தவிர வண்டியில் போகிறவரைத் தொடவில்லை. கொழுக்குமலை தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. வண்டிப்பாதையோ கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். சூரியோதயம் பார்க்க ஜீப்புகள் அணிவகுப்பது நமக்குச் சுற்றுலா. குரங்கணியிலிருந்து நடந்து ஏறினால் மட்டும் அத்துமீறல்! விபத்து நடந்த ஆண்டிலேயே மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன; 2024 அக்டோபரில் 40 பாதைகள் இணைய முன்பதிவோடு திறக்கப்பட்டன. வழிகாட்டி உடன் வருவது நல்லது. அதில் எனக்கு மாற்றுக்கருத்தில்லை.

'நடப்பது ஓய்வுள்ள பேராசிரியர்களுக்கு; ஞாயிறு ஒரு நாள் கிடைக்கிறவனுக்கு மலையைக் கொடுத்தது மோட்டார் சைக்கிள்தான்' என்று ஒரு நண்பர் காட்டமாகக் கேட்டார். பாதி நியாயம். அதனால்தான் மிதிவண்டியைச் சொல்கிறேன். நாற்பதைத் தாண்டியபின் ஒரு ஞாயிறன்று முந்தலிலிருந்து போடிமெட்டுக்கு மிதித்தேன். மிதித்தேன் என்பது மரியாதைக்கு. பல வளைவுகளில் இறங்கித் தள்ளினேன். புலியூத்து அருகே தள்ளிக்கொண்டு நின்றபோது மெதுவாகக் கடந்த ஜீப்பிலிருந்து ஒரு அம்மா கேட்டார்: "ஏன் சார், பெட்ரோல் போடக் காசில்லையா?" ஜீப்பே சிரித்தது. திரும்பி இறங்கும்போது அதே அம்மாவைச் சாலையோரக் கடையில் பார்த்தேன். தோட்டத்தில் மழை என்று வேலையைப் பாதியில் நிறுத்தி அனுப்பிவிட்டார்களாம். அரைநாள் கூலிதான் வரும் என்றார். சாக்குலத்து மெட்டுக்குச் சாலை வந்துவிட்டால் தேவாரத்துக்காரர்கள் இப்படிச் சுற்றி வரவேண்டியதில்லை என்று உடனிருந்தவர் சொல்ல, காடு போய்விடுமே என்று நான் ஆரம்பிக்க, அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பல ஆண்டுகளாகக் கேட்டும் கிடைக்காத சாலை அது. என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லாமல் அந்த மலையைப் பற்றி இனி எழுத முடியாது என்று தெரிந்துகொண்டேன். மணிக்கு 50 கிலோமீட்டரில் அந்தக் கடையைக் கடந்திருந்தால் இந்தச் சங்கடம் எனக்கு வாய்த்திராது.

கட்டுரை எழுதிய நண்பருக்கு ஓர் அழைப்பு. கூடலூர் எல்லை மலையில் உள்ள மங்கலதேவி கண்ணகி கோட்டத்துக்கு ஆண்டில் ஒரு நாள், சித்திரா பௌர்ணமியன்று மட்டும், அனுமதி உண்டு. குமுளியிலிருந்து ஜீப் போகும். பளியன்குடியிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் நடை. ஏற்றம் சற்றுக் கடுமை. வெயிலுக்கு முன் கிளம்ப வேண்டும். மேலே கூட்டத்தில் வரிசை நீளும். செருப்பு புதிதாக இருக்கக் கூடாது. வரும் சித்திரையில் விடியற்காலை நான்கு மணிக்குப் பளியன்குடியில் இருப்பேன். வண்டியை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். தண்ணீர் நான் கொண்டுவருகிறேன்.