ஹோமியோபதியும் கணக்கும்

ஹோமியோபதி வைத்தியத்தைப்பற்றி நமது அபிப்பிராயம் என்ன என்று தோழர்கள் சிலர் கேட்டுவருகிறார்கள்.

இதைக் கண்டவர் ஜெர்மனி தேசத்து டாக்டர் சாமுவேல் ஹானிமன் (1755-1843). 1790-ல் இவர் முறைக்காய்ச்சலுக்குக் கொடுக்கப்படும் சிங்கோனாப் பட்டையைத் தாமே சாப்பிட்டுப் பார்க்க, அக்காய்ச்சலின் குறிகளே தம் உடம்பில் தோன்றினவாம். ஆகவே, நல்ல உடம்பில் ஒரு வஸ்து எந்தக் குறியை உண்டாக்குகிறதோ, அதே குறியுள்ள வியாதியை அவ்வஸ்துவே போக்கும் என்பது முதல் தத்துவமாயிற்று. ஒருவர் உடம்பில் கண்டதை உலகத்துக்கெல்லாம் சட்டமாக்கலாமா என்பது ஒருபுறமிருக்க, இரண்டாவது தத்துவந்தான் வேடிக்கை. மருந்தைக் குறைக்கக் குறைக்க வீரியம் ஏறுமாம்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மருந்தில் ஒரு சொட்டெடுத்து 99 சொட்டு ஸ்பிரிட்டிலோ நீரிலோ விட்டுக் குலுக்க வேண்டியது. அதில் ஒரு சொட்டெடுத்து மறுபடியும் 99 சொட்டில் விடவேண்டியது. இப்படி 30 தடவை செய்ததுதான் குப்பியின்மேல் "30" என்று எழுதி விற்கப்படுவது. 12 தடவையைத் தாண்டும்போதே மூல மருந்தின் ஒரு மூலக்கூறாவது மிஞ்சுமா என்பது சந்தேகம். முப்பதாவதிலோ, இந்தப் பூமி அளவு மருந்தைக் குடித்தாலும் ஒன்றும் அகப்படாது. நம் ஊர்ப் பால்காரர் இந்தத் தத்துவத்தைக் கைக்கொண்டால் ஒப்புக்கொள்வோமா?

நிற்க. ஹானிமனிடம் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. அவர் காலத்து டாக்டர்கள் நோயாளியின் இரத்தத்தைக் கிண்ணம் கிண்ணமாக வடித்தார்கள். பாதரசத்தைக் கொடுத்துப் பல்லை உதிரச் செய்தார்கள். அதை எதிர்த்த தைரியம் பாராட்டத்தக்கதே. 1854-ல் லண்டனில் காலரா கண்டபோது ஹோமியோபதி ஆஸ்பத்திரியில் சாவு குறைவாயிருந்தது என்று இன்றும் பெருமையாகச் சொல்லுகிறார்கள். உண்மைதான். ஆனால் இரத்தத்தை வடிக்காமலும் பாதரசம் கொடுக்காமலும் விட்டதே அங்கு மருந்தாயிற்று என்று கொள்வதுதான் பொருந்தும். கொல்லுகிற வைத்தியத்தைவிடச் சும்மாயிருப்பது மேலாயிருந்த காலம் அது. 2015-ல் ஆஸ்திரேலிய அரசாங்க மருத்துவ ஆராய்ச்சிச் சபை, அதுவரை நடந்த ஆராய்ச்சிகளைப் பரிசீலித்து, ஹோமியோபதியால் குணமாகும் என்பதற்கு நம்பத்தக்க அத்தாட்சியுள்ள வியாதி ஒன்றுமில்லை என்று கூறிவிட்டது.

"எனக்குக் குணமாயிற்றே" என்பார்கள். சளியும் சாதாரண சுரமும் மருந்தில்லாமலே போகக்கூடியவை. மேலும், அரைமணி நேரம் உட்கார்ந்து நம் பாட்டைக் கேட்கும் வைத்தியர் கிடைப்பதே ஓர் ஆறுதல். பெரிய ஆஸ்பத்திரிகளில் அது அருமையாகிவிட்டது வெட்கக்கேடு. விஷயம் இவ்வளவோடு நின்றால் நாம் பேனாவை எடுத்திருக்க மாட்டோம். பேதியாகும் குழந்தைக்குச் சர்க்கரை உருண்டையைக் கொடுத்துவிட்டு நாளைக்குப் பார்ப்போம் என்றிருப்பதும், நீரிழிவுக்காரர் இன்சுலினை நிறுத்துவதும் உயிரோடு விளையாடுவதாகும். குழந்தையின் கண் குழிந்து நாக்கு வறண்டால் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே அப்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும்.