மதுரை தலைநகரானால் பட்டாசு வரி யாருக்கு?

தென் மாவட்டங்களைத் தனி மாநிலமாகப் பிரித்து, மதுரையைத் தலைநகராக்க வேண்டும் என்று எங்கள் விருதுநகர் மாவட்டத்து ஆமத்தூர் டீக்கடையில் அவ்வப்போது பேச்சு கிளம்பும். 2021-இல் கொங்கு நாட்டைத் தனியாகப் பிரிக்கும் விவகாரம் ஓடியபோது சூடு இன்னும் அதிகம். பட்டாசு ஆலையில் கணக்கு எழுதுகிறவன் நான். எனக்கு இதில் கணக்கு இடிக்கிறது.

பட்டாசுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதில் மாநிலத்தின் பாதி, சரக்கு செய்த ஊருக்கு அல்ல, விற்பனையாகும் மாநிலத்துக்கு. இங்கே மருந்து அடைத்து, உயிரைப் பணயம் வைத்து லாரி ஏற்றினால், பீகாரில் விற்றதன் பங்கு பாட்னாவுக்கு. சென்னையில் விற்பதன் பங்காவது இப்போது நம் மாநிலத்தில் நிற்கிறது. பிரிந்தால் அதுவும் போச்சு. 2000-இல் பிரிந்த ஜார்க்கண்டுக்கு நிலக்கரி ராயல்டி இருந்தது. நமக்கு? கொஞ்சம் சுண்ணாம்புக்கல். மாநிலம் பிரிந்தாலும் வெடிபொருள் சட்டம் மத்திய அரசுடையதுதான். அதன் துறைக்குத் தலைமையகம் நாக்பூர்.

மாவட்டம் பிரித்தது வேறு கதை. 1985 வரை நாங்கள் ராமநாதபுரம் மாவட்டம், கலெக்டர் ஆபீசோ மதுரையில். இப்போது விருதுநகருக்கு மனு கொடுக்கப் போனவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கிறார். மாநிலம் கேட்பவர்கள் முதலில் ஜிஎஸ்டி கவுன்சிலில், உற்பத்தி செய்யும் ஊருக்கும் ஒரு பங்கு கேட்கட்டும்.