படகுக்கு இறக்கம் கிடையாது

தானா ராத்தா பக்கம் போனவர்கள், காய்கறிக் கூடைகளோடு முக்கி முனகி மேடேறும் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல 2.25 லிட்டர், நாலு சிலிண்டர் எஞ்சினோடு வந்தவை. மலையேறும் அந்த எஞ்சினுக்குக் கடலோடும் ஒரு கதை இருக்கிறது.

1960களின் நடுவில் ரோவர் நிர்வாக இயக்குநர் வில்லியம் மார்ட்டின் ஹர்ஸ்ட், இதே 2.25 டீசலைப் படகு எஞ்சினாக விற்கும் பேச்சோடு அமெரிக்காவின் மெர்குரி மரைன் நிறுவனத்துக்குப் போனார். அங்கே பட்டறையில் ஓர் அலுமினிய வி8 எஞ்சின் கண்ணில் பட்டது. பியூக் நிறுவனம் 1963 மாடலோடு கைவிட்டதை, படகில் பூட்டுவதற்காக வைத்திருந்தார்கள். விற்கப் போனவர் வாங்கிக்கொண்டு வந்தார்! 1965ல் உரிமை ரோவர் கைக்கு வந்தது. 1970ல் ரேஞ்ச் ரோவரிலும், 1979ல் லேண்ட் ரோவரிலும் அது ஏறியது.

எஞ்சினைப் பிரித்து, சக்தி கூட்டிக் கட்டும் ஆர்வலர்களுக்கு இன்றும் இது செல்லப்பிள்ளை. ஜீப்புக்கும் கட்டுகிறார்கள், படகுக்கும் கட்டுகிறார்கள். காசு கரைவது பெரும்பாலும் வால்வு பகுதியில்தான்.

2.25 எஞ்சினில் ராக்கர் முனையில் ஒரு திருகாணி உண்டு. 0.25 மி.மீ. இடைவெளி வைத்து இறுக்கினால் வேலை முடிந்தது. வி8ல் அந்தத் திருகாணியே கிடையாது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டேப்பட் தானாகவே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால் நல்ல ஏற்பாடு. கை வைத்தால்தான் வம்பு. பழைய தகர ஹெட் கேஸ்கெட் ஏறக்குறைய அரை மி.மீ. கனம். அதை எடுத்துவிட்டுப் புதுவகை கேஸ்கெட் போட்டால் சுமார் 1.2 மி.மீ. அந்த அளவுக்கு ராக்கர் மேலே போய்விடும், டேப்பட்டின் அழுத்தம் குறைந்து கடகடவென்று சத்தம் வரும். மாறாக, ஹெட்டை மழித்தால் ராக்கர் கீழே இறங்கும், அழுத்தம் கூடும். அளவு மீறினால் வால்வு முழுதாக மூடாது, கருகும். மறுபடி கடைந்த கேம்ஷாஃப்ட் வேறு, தன் பங்குக்குக் கணக்கை மாற்றும். இதற்கெல்லாம் மருந்து உண்டு: ராக்கர் தாங்கியின் அடியில் மெல்லிய தகடு, அல்லது அளவெடுத்த புஷ்ராட். ஆனால் போர்மன் அளந்து பார்த்திருக்க வேண்டுமே!

சாலையில் இந்தத் தப்பு கொஞ்ச காலம் மறைந்து கிடக்கும். ரிங்லெட் தாண்டித் தாப்பாவுக்கு இறங்கும்போது எஞ்சின் மூச்சு வாங்கிக்கொள்ளும். படகுக்கு அந்தச் சலுகை இல்லை. லுமுட்டிலிருந்து கிளம்பினால் திரும்பும் வரை ஏற்றம்தான். அலையில் படகு துள்ளும்போது புரொப்பல்லர் தண்ணீரை விட்டு வெளியே வரும். பாரம் சட்டென்று விலக, எஞ்சின் வேகம் எகிறும். 5,000 சுற்றில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 40 தடவைக்கு மேல் திறந்து மூடுகிறது. அதையும் தாண்டினால் ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாது. வால்வு மிதக்கத் தொடங்கும். அந்த இடைவெளியை நிரப்பப் பார்த்து டேப்பட் உப்பிக்கொள்ளும், வால்வைத் திறந்தபடியே பிடித்துவைக்கும். புதுக் கேம் வாங்கிவிட்டுப் பழைய ஸ்பிரிங்கையே போடுபவர்களை என்ன சொல்வது?

இன்னொன்று கார்க்காரர்களுக்குத் தெரியாத தொல்லை. பல படகுகளில் புகைக்குழாயில் கடல்நீரும் கலந்து வெளியேறும். பந்தயக் கேமில் இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகம். மெதுவாக ஓடும்போது நீர்த்திவலை பின்னோக்கி உறிஞ்சப்பட்டு, சிலிண்டருக்குள்ளேயே துரு ஏறும். குதிரைத்திறனை மட்டும் கேட்டு வாங்கிய பலருக்கு, வால்வைக் கழற்றும் நாளில்தான் இது தெரியவரும்.

ஆகவே சேமிப்பைக் கொட்டி, கட்டிய எஞ்சின் வாங்கும் இளைஞர்கள் பட்டறையில் அளவுச் சீட்டு கேளுங்கள். டேப்பட் அழுத்தம், ஸ்பிரிங் பலம், கேம் அளவு மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். வாய்வார்த்தை வேண்டாம். புதுக் கேம் என்றால் முதல் ஸ்டார்ட்டின்போது நேரிலேயே நில்லுங்கள். 2,000 சுற்றுக்குக் குறையாமல் 20 நிமிடம் ஓட வேண்டும். ஐடிலில் விட்டால் கேமின் முகடு தேய்ந்துவிடும். படகு எஞ்சினைக் கரையில் வைத்து ஓட்டினால், குழாய்த் தண்ணீர் பாய்கிறதா என்று பார்த்த பிறகே சாவியைத் திருப்பச் சொல்லுங்கள்.